வலி போன பிறகு தொடங்கும் வேலை



எடுத்த எடுப்பில் ஓர் ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் நடந்தது, 1995இல் வெளியானது. திடீரென்று குறுக்குவலி வந்த மாநகர ஊழியர்கள் 186 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் முழுப் படுக்கை ஓய்வு. இன்னொரு பிரிவுக்கு முதுகை வளைத்து நிமிர்த்தும் பயிற்சிகள். மூன்றாவது பிரிவினரிடம், "வலி எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுக்கு உங்கள் வழக்கமான வேலைகளைப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தார்கள், பன்னிரண்டு வாரம் கழித்தும் பார்த்தார்கள். நன்றாகத் தேறியிருந்தது அந்த மூன்றாவது பிரிவு. மிக மெதுவாகத் தேறியவர்கள் படுத்துக் கிடந்தவர்கள்.

பயிற்சியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால், பயிற்சி பின்தங்கிப்போன ஆய்வைச் சொல்கிறாரே என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணத்தோடுதான் சொல்கிறேன். குறுக்குப் பிடித்துக்கொண்டால் நம் வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. பாயை விரித்துப் போட்டு ஒரு வாரம் அசையாமல் படுக்கிறார்கள். அல்லது யாரோ செல்போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்து, வலி உச்சத்தில் இருக்கிற அன்றைக்கே உடம்பை வளைத்து முறுக்குகிறார்கள். இரண்டும் வேண்டாம். அந்த முதல் சில நாட்களுக்கு வீட்டுக்குள் நடமாடுங்கள். ஒரே இடத்தில் நெடுநேரம் உட்காராதீர்கள். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருந்தால் கொடுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்திருங்கள். அவ்வளவு போதும், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வலி தானாகத் தணிந்துவிடும்.

பயிற்சிக்கு உரிய காலம் அதற்குப் பிறகு வருகிறது. வலி விட்டு, 'அப்பாடா' என்று பழைய வேலைக்குத் திரும்புகிற நாள் இருக்கிறதே, அந்த நாளில். நான் இன்று பேச வந்திருப்பது அந்த நாளைப் பற்றித்தான். ஏனென்றால், அந்த நாளில்தான் நம் மக்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜூலி ஹைட்ஸ் என்ற பிசியோதெரபி ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1996இல் ஒன்றைக் கண்டு சொன்னார்கள். முதுகெலும்பை ஒட்டி இருபுறமும், எலும்புக்கு எலும்பு தாவிப் பிடிக்கும் குட்டை இழைகளாக ஒரு தசை ஓடுகிறது. மல்டிஃபிடஸ் என்று பெயர். நாம் கையைத் தூக்கினாலும் தும்மினாலும் எலும்புகள் இடம் பிசகாமல் பிடித்து வைத்திருக்கிற தசைகளில் முக்கியமானது அது. முதன்முறையாக முதுகுவலி வந்தவர்களை அல்ட்ராசவுண்ட் கருவியில் பார்த்தபோது, வலிக்கிற பக்கத்தில், வலிக்கிற மட்டத்தில், அந்தத் தசை சிறுத்துப்போயிருந்தது. நான்கு வாரத்தில் அநேகமாக எல்லோருக்கும் வலி போய்விட்டது. ஆனால் பத்தாவது வாரத்தில் மறுபடி பார்த்தால், பயிற்சி செய்யாதவர்களுக்குத் தசை பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. குறிப்பிட்ட பயிற்சியைச் செய்தவர்களுக்குத் திரும்பியிருந்தது. அதே ஆட்களை ஓராண்டு கழித்து விசாரித்தார்கள். பயிற்சி செய்யாதவர்களில் 84 சதவீதம் பேருக்கு வலி மறுபடி வந்திருந்தது. செய்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு. மொத்தம் 39 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் முதுகுவலிக்காரர்களைக் கவனிக்கிற என் தொழிலில் அன்றாடம் நான் பார்ப்பதற்கு அது விளக்கம் சொல்கிறது.

என்னிடம் வரும் ஓர் அம்மா இட்லிக்கடை வைத்திருக்கிறார். விடிவதற்கு முன் எழுந்து, புளித்துப் பொங்கிய மாவுக் குண்டானைத் தரையிலிருந்து மேடைக்குத் தூக்கி வைக்க வேண்டும். ஒரு நாள் தூக்கும்போது பிடித்துக்கொண்டது. வந்தார், வலி குறைந்தது, வருவதை நிறுத்தினார். சில மாதம் கழித்து மறுபடி வந்தார், மறுபடி குறைந்தது, மறுபடி நிறுத்தினார். மூன்றாம் தடவை வந்தபோது, "வலிதான் இல்லையேன்னு விட்டுட்டேன் சார்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலிதான் நமக்குத் தெரிகிறது. தசை சிறுத்திருப்பது கண்ணுக்கும் தெரியாது, உடம்புக்கும் தெரியாது. யாராவது சொன்னால்தான் உண்டு.

வேறொன்றும் அவரைப் பயமுறுத்தியிருந்தது. கையில் எம்.ஆர்.ஐ. படம் இருந்தது. 'ஜவ்வு தேய்ஞ்சிருக்கு, விலகியிருக்கு' என்று எழுதியிருக்கிறதே, இனிமேல் குனியலாமா, தூக்கலாமா என்ற கேள்வி. இந்தப் பயமும் பலரை முடக்கிப் போட்டிருக்கிறது. 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க், அதாவது நாம் சொல்லும் ஜவ்வு, வெளியே புடைத்திருந்தது. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, வலியே இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் படத்தில் தெரிகிறது. 80 வயதில் அது 96 சதவீதம். அதாவது தலை நரைப்பதுபோல டிஸ்க்கும் வயதாகிறது. படம் பொய் சொல்லவில்லை. ஆனால் படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'ஜவ்வு விலகியவர்' என்ற பட்டத்தோடு ஆயுள் முழுக்க யாரும் வாழ வேண்டியதில்லை.

இனி உடம்புக்குள் கொஞ்சம் போகலாம். கீழ்முதுகில் ஐந்து எலும்புகள். அவற்றுக்கிடையே டிஸ்க்குகள். உடம்பின் மேற்பாதி எடை முழுவதும் இவற்றின் வழியாகத்தான் இடுப்புக்கு இறங்குகிறது. பெரும்பாலான டிஸ்க் தொல்லைகள் கடைசி இரண்டு மட்டங்களில் வருவதற்கும் அது ஒரு காரணம். தசைகள் இல்லாமல் எலும்பையும் தசைநாரையும் மட்டும் வைத்து நிறுத்தினால் இந்தத் தண்டு சில கிலோ எடைக்கே மடங்கிவிடும். பின்னால் முதுகுத் தசைகள், முன்னால் வயிற்றுத் தசைகள், இருபக்கமும் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையேயான தசைகள், கீழே பிட்டத்தின் பெரிய தசைகள், எல்லாம் சேர்ந்து நாலு பக்கமும் சமமாக இழுத்துப் பிடிப்பதால்தான் நிற்கிறோம். முதுகு வலிக்கிறது என்று முதுகுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதாது என்பது இதனால்தான்.

இன்னொன்று. இந்தத் தசைகளுக்குத் தேவை பயில்வானின் பலம் அல்ல, தாக்குப்பிடிக்கும் திறன். டென்மார்க்கின் குளோஸ்ட்ரப் என்ற ஊரில் பியரிங் சோரன்சன் என்ற மருத்துவர் 900க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 1984இல் முடிவுகளை வெளியிட்டார். ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, இடுப்புக்கு மேலே உடம்பு கட்டிலுக்கு வெளியே இருக்கும்படி விட்டு, எவ்வளவு நேரம் கிடைமட்டமாகத் தாங்குகிறார் என்று பார்ப்பது சோதனை. நெடுநேரம் தாங்கிய ஆண்களுக்கு அடுத்த ஓராண்டில் முதல் தடவையாக முதுகுவலி வருவது குறைவாக இருந்தது. மூட்டை தூக்குகிற தொழிலாளிக்கும் முதுகுவலி வருகிறது, தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கும் வருகிறது. அந்தப் பெண் கத்தரிக்கோலைவிடக் கனமாக எதையும் தூக்குவதில்லை. ஆனால் நாள் முழுக்க ஒரே வாகில் முதுகைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தாக்குப்பிடிக்க முடியாமல் தசை சோர்ந்தபின், பாரம் டிஸ்க்கின் மேலும் மூட்டுகளின் மேலும் இறங்குகிறது.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். மேடையில் ஜமக்காளம் விரித்திருக்கிறோம். என்னோடு பணிபுரியும் தம்பி செய்து காட்டுவார். வீட்டிலும் இதுதான் தேவை: ஒரு ஜமக்காளம், அல்லது பாயின் மேல் இரண்டாக மடித்த போர்வை. மெத்தை வேண்டாம், அமுங்கும்.

முதலில் உடம்பை இளக்கிக்கொள்ள, முட்டியும் உள்ளங்கையும் தரையில் ஊன்றி, பூனை முதுகைத் தூக்குவதுபோலத் தூக்கி, பிறகு மெல்ல இறக்குங்கள். யோகா படித்தவர்கள் மார்ஜரியாசனம் என்பார்கள். ஏழெட்டுத் தடவை, அவசரமில்லாமல். இது நீட்டுகிற பயிற்சி அல்ல, எந்தப் பக்கமும் கடைசி வரை தள்ள வேண்டாம்.

அடுத்து, எல்லோரும் தொடங்கக்கூடிய பயிற்சி, இடுப்பைத் தூக்குவது. மல்லாந்து படுத்து, முட்டிகளை மடக்கி, பாதங்களை இடுப்பகலத்தில் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது வயிற்றில் விரலால் குத்த வந்தால் எப்படி இறுக்குவீர்களோ அந்த அளவுக்கு வயிற்றை லேசாக இறுக்குங்கள். மூச்சை அடக்காதீர்கள். குதிகாலை அழுத்தி, பிட்டத்தை இறுக்கி, இடுப்பைத் தூக்குங்கள். தோளிலிருந்து முட்டி வரை ஒரே கோடாக வந்தால் போதும், அதற்குமேல் தொப்புளை வானத்துக்குத் தள்ள வேண்டாம். எட்டிலிருந்து பத்து விநாடி நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். இதில் வேலை செய்ய வேண்டியது பிட்டத்தின் தசை. பலருக்குத் தொடையின் பின்பக்கம் பிடித்து இழுக்கும்; அப்படியானால் பாதங்களை இன்னும் கொஞ்சம் பிட்டத்தின் பக்கம் கொண்டு வந்து, குதிகாலை இன்னும் அழுத்துங்கள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தத் தசை மந்தமாகிவிடுகிறது. மாடிப்படி ஏறுவதும் தரையிலிருந்து எழுவதும் அது செய்ய வேண்டிய வேலைகள். அது செய்யாமல் விட்ட வேலையையும் முதுகுதான் செய்துகொண்டிருக்கும்.

இனிச் சொல்லப்போகும் மூன்றும் கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் முதுகெலும்பை ஆராய்ந்த பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைப்பவை. எந்தப் பயிற்சியில் முதுகெலும்பின் மீது எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தவர் அவர். மல்லாந்து படுத்து முழுதாக எழுந்து உட்காரும் பயிற்சி இருக்கிறதே, தொப்பை குறைய வேண்டும் என்று பலரும் நூறு நூறாகச் செய்வது, அதில் ஒவ்வொரு தடவையும் சுமார் 3,300 நியூட்டன் அழுத்தம் விழுகிறது. ஏறக்குறைய 330 கிலோ எடையை முதுகில் ஏற்றியதற்குச் சமம். வலி கண்ட முதுகுக்கு அது தேவையில்லை. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாக அவர் சொல்வது இது. மல்லாந்து படுத்து ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கிக்கொள்ளுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பு வளைவுக்கு அடியில் வையுங்கள், அந்த வளைவு தரையில் அமுங்கிவிடாமல் இருக்க. தலையையும் தோளையும் சேர்த்துத் தரையிலிருந்து கொஞ்சமே தூக்குங்கள். தாடையை நெஞ்சில் முட்ட வேண்டாம். கழுத்து மடங்கக் கூடாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நீங்கள் எதுவுமே செய்யாததுபோல இருக்கும். உள்ளே வயிறு முழுவதும் கட்டையாக இறுகியிருக்கும்.

இரண்டாவது, ஒருக்களித்துத் தாங்குவது. ஒரு பக்கமாகப் படுத்து, முழங்கையைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றி, முட்டிகளை மடக்கி, முட்டியும் முழங்கையும் மட்டும் தரையில் இருக்கும்படி இடுப்பைத் தூக்குங்கள். பத்து விநாடி. பிறகு மறுபக்கம். பழகியபின் கால்களை நீட்டிப் பாதத்தில் தாங்கலாம். அதற்கு அவசரம் இல்லை. நம்மில் பலருக்கு ஒரு பக்கம் எளிதாக வரும், மறுபக்கம் நடுங்கும். எப்போதும் இடது இடுப்பிலேயே குடம் சுமந்தவர்கள், குழந்தையைத் தூக்கி வைத்தவர்கள், ஒரே தோளில் பை மாட்டுபவர்கள் செய்து பாருங்கள், தெரியும். நடுங்குகிற பக்கத்துக்கு ஒரு தடவை கூடுதலாகச் செய்யுங்கள். தோள்வலி உள்ளவர்கள் இதைப் படுத்துச் செய்ய வேண்டியதில்லை. ஒரு வாளியில் பாதித் தண்ணீர் எடுத்து, ஒரு கையில் மட்டும் பிடித்துக்கொண்டு, உடம்பு அந்தப் பக்கம் சாயாமல் நிமிர்ந்து கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடங்கள். திரும்பும்போது கையை மாற்றுங்கள். அதே பக்கத் தசைகள் அங்கேயும் வேலை செய்கின்றன.

மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகவே காட்ட வேண்டும், ஏனென்றால் சுலபமானது என்று நினைத்துப் பெரும்பாலானவர்கள் தப்பாகச் செய்வது இதுதான். தம்பி, அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு வாருங்கள். முட்டியும் உள்ளங்கையும் தரையில். கை தோளுக்கு நேர் கீழே, முட்டி இடுப்புக்கு நேர் கீழே. முதுகு தொங்கவும் கூடாது, கூன் விழவும் கூடாது. இப்போது இவருடைய கீழ்முதுகில் ஓர் எவர்சில்வர் டம்ளரை வைக்கிறேன், கால் பங்கு தண்ணீரோடு. வலது கையை முன்னால் நீட்டி, இடது காலைப் பின்னால் நீட்டுகிறார். பார்த்தீர்களா, டம்ளர் அசையவில்லை. இதை வீட்டில் நீங்கள் செய்யும்போது முதல் நாள் டம்ளர் உருளும், கவலைப்பட வேண்டாம். காலை உயரமாகத் தூக்க வேண்டும் என்று நினைப்பதால் உருளுகிறது. கால் முதுகு மட்டத்துக்கு மேலே போனால் இடுப்பு ஒரு பக்கம் திரும்பிவிடும். குதிகாலைப் பின்சுவர்ப் பக்கம் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்; மேலே தூக்குவதாக நினைக்காதீர்கள். அப்படியும் உருண்டால் கையைத் தரையிலேயே வைத்துக் காலை மட்டும் நீட்டுங்கள். இந்த அசையாத முதுகுதான் இங்கே பயிற்சி. கையும் காலும் நீள்வது முதுகுக்கு வைக்கிற பரீட்சை.

எத்தனை தடவை என்று கேட்பீர்கள். ஒவ்வொன்றும் எட்டு முதல் பத்து விநாடி நிறுத்த வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது. இடையிடையே தளரவிட்டால்தான் அது மூச்சு வாங்கிக்கொள்ளும். முதல் சுற்றில் ஆறு தடவை, சற்று இளைப்பாறி நான்கு தடவை, கடைசிச் சுற்றில் இரண்டு தடவை. களைப்பு ஏற ஏற எண்ணிக்கை இறங்குகிறது, செய்யும் முறை கெடாமல் இருப்பதற்காக. நாள் போகப்போக எண்ணிக்கையைக் கூட்டுங்கள், விநாடியைக் கூட்டாதீர்கள். எல்லாம் சேர்த்து ஒரு கால் மணி நேரம் ஆகும்.

இவற்றைத்தான் செய்ய வேண்டுமா, யோகாசனம் ஆகாதா, பிலாட்டிஸ் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு: நாள்பட்ட முதுகுவலிக்கு உடற்பயிற்சி பற்றி 2021இல் காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு வந்தது. பல வகைப் பயிற்சிகளைப் பற்றிய 249 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பயிற்சி பலன் தருகிறது என்றுதான் முடிவு. நான் இவற்றைச் சொல்வது, வீட்டில் ஆள் துணை இல்லாமல், காசு செலவில்லாமல், முதுகுக்கு அதிகச் சுமை ஏற்றாமல் செய்யலாம் என்பதற்காக. யோகா ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் தாராளமாக அவரிடம் போங்கள்.

கால் வரைக்கும் வலி இறங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் காலுக்கு இறங்கும் வலியோடு ஒருவர் வந்துகொண்டிருந்தார். மூன்று வாரமாகத் தேறவில்லை. ஒரு நாள், "உள்ளே போய்க் குப்புறப் படுங்கள், வருகிறேன்" என்று அனுப்பினார். அதற்கு முன் வேறொருவருக்காகக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தார்கள். இவர் அதன்மேலேயே குப்புறப் படுத்துவிட்டார். முதுகு நன்றாகப் பின்வளைந்து கிடந்த அவரைப் பார்த்து மெக்கன்சி பதறினார். அவரோ, மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் கால்வலி இல்லை என்றார். அதிலிருந்து ஒரு சிகிச்சை முறையே வளர்ந்தது. குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, நெஞ்சை மட்டும் உயர்த்தி ஓரிரு நிமிடம் இருந்து பாருங்கள். புஜங்காசனத்தின் முதல் படி என்று வைத்துக்கொள்ளலாம். காலில் இருந்த வலி தொடைக்கு, தொடையிலிருந்து பிட்டத்துக்கு என்று மேலேறிச் சுருங்கினால் நல்ல அறிகுறி. இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பயமில்லை. மாறாக வலி இன்னும் கீழே, பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். அந்தத் திசை உங்களுக்கு ஆகாது.

நாளின் எந்த நேரத்தில் குனிகிறோம் என்பதும் முக்கியம். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. அதனால் விடியற்காலையில் நாம் இரவைவிட ஒன்றரை சென்டிமீட்டர் போல உயரமாக இருக்கிறோம். எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே அதில் பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. உப்பியிருக்கும் அந்த வேளையில் முன்னால் குனிந்தால் டிஸ்க்கின் மீது விழும் விசை அதிகம். 1998இல் அமெரிக்காவில் ஸ்னூக் என்பவரும் அவருடைய குழுவினரும் நாள்பட்ட முதுகுவலிக்காரர்களிடம், காலையில் எழுந்ததும் குனிவதைத் தவிர்க்கச் சொன்னார்கள். வேறு பெரிய வைத்தியம் இல்லை. வலி குறைந்தது.

நம் பெண்கள் எழுந்ததும் முதல் வேலை என்ன? வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, முட்டி மடக்காமல் இடுப்பில் குனிந்து கோலம் போடுவது. மார்கழியில் அது அரை மணி, முக்கால் மணி நேரம். கோலம் போடாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். அது எவ்வளவு பெரிய கலை, அதில் அவர்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று எனக்குத் தெரியும். முதுகுவலி உள்ள தாய்மார்கள் எழுந்ததும் நேராக வாசலுக்குப் போகாமல், பால் காய்ச்சி, காபி குடித்து, வீட்டுக்குள் நடமாடிவிட்டுப் பிறகு போங்கள். சிறிய மணைப்பலகையில் உட்கார்ந்து போடுங்கள். நின்று போட்டால் முட்டியை இளக்கி, ஒரு கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். பெருக்குவதற்கு நீளக் கைப்பிடி வைத்த விளக்குமாறு வாங்குங்கள். வீட்டில் உள்ள ஆண்களும் அந்த விளக்குமாற்றைப் பிடிக்கலாம். பயிற்சியையும் எழுந்த உடனே செய்ய வேண்டாம்; ஒரு மணி நேரம் போகட்டும், அல்லது மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குனிவதற்கே ஒரு பயிற்சி இருக்கிறது. ஒட்டடைக்கம்பை முதுகோடு செங்குத்தாகப் பிடியுங்கள். பின்தலை, நடுமுதுகு, பிட்டத்தின் மேற்புறம், மூன்று இடத்திலும் கம்பு தொட வேண்டும். சுவருக்கு முதுகைக் காட்டி ஓரடி தள்ளி நின்று, முட்டியைச் சற்றே இளக்கி, பிட்டத்தால் சுவரைத் தொடப் பாருங்கள். உடம்பு முன்னால் சாயும், ஆனால் கம்பு மூன்று இடத்தையும் விடாது. இப்போது நீங்கள் முதுகை மடக்காமல் இடுப்பு மூட்டில் மடங்கியிருக்கிறீர்கள். இட்லிக்கடை அம்மாவுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்தது இதைத்தான். இப்போது குண்டானுக்கு அருகில் கால்களை அகட்டி நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளி இறங்கி, குண்டானை வயிற்றோடு ஒட்டி அணைத்துத் தூக்குகிறார். இரவே மாவைத் தரையில் வைக்காமல் முட்டி உயரத்துக்கு ஒரு பெட்டியின் மேல் வைக்கிறார். அந்தப் பெட்டி யோசனை அவருடையது. நான் மற்றவர்களுக்கும் இப்போது சொல்லிக்கொடுக்கிறேன்.

பெல்ட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வலி கடுமையாக இருக்கும் சில நாட்களில், பயணத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் பெல்ட்டை நம்பி இருக்காதீர்கள்.

வயதான தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. எலும்பு மெலிந்தவர்கள் முன்னால் குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சிகளைச் செய்யக் கூடாது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1984இல் எலும்பு மெலிவு உள்ள, மாதவிடாய் நின்ற பெண்களை ஆராய்ந்தார்கள். முன்குனிந்து பயிற்சி செய்த பிரிவில் 89 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் புதிய நொறுங்கல்கள். முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்த பிரிவில் 16 சதவீதம். அறுபதைத் தாண்டிய அம்மாக்களுக்கு இடுப்பைத் தூக்குவதும், டம்ளர் பயிற்சியும், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதும் நல்லவை.

சில வலிகளுக்கு எந்தப் பயிற்சியும் கூடாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும். சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, இரு தொடைகளுக்கு நடுவே உட்காரும் இடம் மரத்துப்போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நரம்புக் கற்றை நசுங்குகிற அந்த நிலையில் சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தர இழப்பாகிவிடலாம். பாதம் தூக்க வராமல் செருப்பு நழுவினாலும் காட்டுங்கள். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் விடாத இரவு வலி இருந்தால், நம் நாட்டில் முதுகெலும்பில் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அது மாத்திரையால் குணமாகிற நோய். தைலம் தேய்த்துக்கொண்டு நாள் கடத்தினால்தான் கெடும். கீழே விழுந்த பிறகு வந்த வலியும், முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வந்த வலியும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவைதான்.

கடைசியாக, நடை. ஆஸ்திரேலியாவில் மெக்குவாரி பல்கலைக்கழகத்தினர், முதுகுவலி வந்து தேறிய 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குப் பிசியோதெரபிஸ்டின் வழிகாட்டலோடு படிப்படியாக நடக்கக் கற்றுக்கொடுத்தார்கள்; வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்பது இலக்கு. மற்றவர்களுக்கு எதுவும் சொல்லவில்லை. நடக்காத பிரிவில் பாதிப் பேருக்கு 112 நாட்களுக்குள் வலி திரும்பியது. நடந்த பிரிவில் அதற்கு 208 நாட்கள் ஆயின. இவர்களும் வலி போன பிறகு தொடங்கியவர்கள்தான் என்பதைக் கவனியுங்கள்.

அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. நடந்தவர்களிலும் பாதிப் பேருக்கு வலி திரும்பத்தான் செய்தது, தள்ளித்தான் போயிற்று. உங்களுக்கும் ஒரு நாள் திரும்பலாம். அன்றைக்கு, இவ்வளவு செய்தும் வீண் என்று ஜமக்காளத்தைச் சுருட்டி வைக்காதீர்கள். ஹெல்சிங்கியின் மூன்றாவது பிரிவு ஊழியர்கள் செய்ததைச் செய்யுங்கள்: முடிந்த அளவு நடமாட்டம், முடிந்த வேலை. வலி உச்சத்திலிருந்து இறங்கியதும் இடுப்பைத் தூக்கும் பயிற்சியை மட்டும் ஆறு தடவை செய்து பாருங்கள். மறுநாள் காலையில் வலி கூடியிருக்காவிட்டால் டம்ளர் பயிற்சியைச் சேருங்கள். அதற்கடுத்து ஒருக்களித்துத் தாங்குவது. இரண்டு வாரத்தில் விட்ட இடத்துக்கு வந்துவிடலாம். ஆறு வாரம் ஆகியும் தணியாவிட்டால் ஒரு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள், பழைய எம்.ஆர்.ஐ. படம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். புதிதாக எடுக்க வேண்டுமா என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.